காளியின் கையும் கருத்த தாளும்

"மேடம், இனிமே நாம யோசிக்கவே வேண்டாம். சிவப்பு எரிஞ்சா ஆபத்து, பச்சை எரிஞ்சா போகலாம். அவ்வளவுதான்" என்று ரெஜினா போனில் சொன்னாள்.

ரெஜினா எங்கள் தடய ஆய்வகத்தில் வெடிப்பொருள் பிரிவில் நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்தவள். கெட்டிக்காரி. ஒளிரும் நுண்துகள்களை வைத்து வெடிப்பொருளைக் கண்டுபிடிக்கும் கைப்பெட்டி ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம். பஞ்சுக் குச்சியை உள்ளே செருகினால் போதும், பெட்டியே முடிவு சொல்லிவிடுமாம். அந்தச் சந்தோஷத்தில் பேசினாள். கூடவே, "புதுசா சேந்த பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டணும், உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்க மேடம்" என்றும் கேட்டாள்.

யோசிக்க வேண்டாம் என்று யார் சொன்னாலும் எனக்குப் பயம் வந்துவிடும். நான் இயல்பிலேயே பயந்தவள். அடுப்பு கேஸை மூடினேனா என்று சர்ச்சில் பாதிப் பிரசங்கத்தில் நினைத்துக்கொண்டு, மீதிப் பிரசங்கத்தைக் காதில் வாங்காமல் வீட்டுக்கு ஓடி வருகிறவள். அப்படிப்பட்ட என்னைப் போய் வெடிப்பொருள் பிரிவில் போட்டார்கள். பாளையங்கோட்டையில் படித்து, வேதியியலில் பட்டம் வாங்கி, சென்னையில் பயிற்சிக்குப் போன காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடிக் குழாய்களைக் கழுவினேன். கழுவியது சுத்தம்தானா என்று சந்தேகப்பட்டு மறுபடியும் கழுவினேன். அதற்குள் வேலையை நிரந்தரமாக்கி ஊருக்கே அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் காதர் சார். மேலப்பாளையத்துக்காரர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அதுதான் எங்களுக்குக் கலக்கம். சத்தம் போடுகிற அதிகாரி என்றால், போட்டு முடித்ததும் நாம் வீட்டுக்குப் போகலாம். காதர் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியில் துடைப்பது மாதிரி சட்டை நுனியில் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, நாம் நீட்டிய முடிவைப் பார்க்காமலே கேட்பார்: "அது இருக்கட்டும்மா. வெறுந்தாள் என்ன சொல்லுது?"

வெறுந்தாள் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எந்தச் சோதனை செய்தாலும், சந்தேகப் பொருளைத் தொடாத இன்னொரு பஞ்சுக் குச்சியை எடுத்து, மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்து பார்க்க வேண்டும். அதே தண்ணீர், அதே கை, அதே இடம். அந்தக் குச்சி பட்ட தாள்தான் வெறுந்தாள், அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் நம் சோதனையே நம்மை ஏமாற்றுகிறது என்று அர்த்தம். இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு காதர் சார் எங்கள் எல்லோருடைய தூக்கத்தையும் பல வருஷம் கெடுத்தார்.

ஒளிர்தாள் என்ற சோதனைத் தாள் எங்கள் கைக்கு வந்தது காதர் சார் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச வருஷத்துக்கு முன்னால்தான். அதற்கு முன்னால் ஒரு மாதிரியை இங்கிருந்து பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்துக் கிடப்போம். பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வாழைத்தோலைத் தண்ணீரோடு மூடிய பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கி, கண்ணுக்கே தெரியாத கரித்துகளாக்கி, அதை வடிதாளில் ஏற்றியிருந்தார்கள். தோல் எல்லாம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழை. கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கை அடித்தால் தாள் நீலமாக ஒளிரும். சில வகை வெடிப்பொருளின் துளி பட்டால், பட்ட இடத்தில் ஒளி அணைந்து கருத்துவிடும். எல்லா வெடிப்பொருளுக்கும் அணையாது. ஒரு வேதிக் குடும்பத்தைத்தான் அதற்குத் தெரியும். முதல்முறை பார்த்தபோது, பஜ்ஜிக்கடைக் குப்பையிலிருந்து இப்படி ஒரு வெளிச்சமா என்று நானே வாயைப் பிளந்தேன். காதர் சார் மட்டும் கண்ணாடியைத் துடைத்தார். "அணையுறது லேசும்மா. எது பட்டாலும் விளக்கு அணையும். எது அணைச்சுதுன்னு கண்டுபிடிக்கதுதான் நம்ம வேலை" என்றார்.

அவர் சொன்னதற்கு அர்த்தம் சீக்கிரமே தெரிந்தது. பஸ் நிலையத்தில் ஆளில்லாமல் ஒரு பை கிடந்தது. எங்கள் குழு போய் அதன் கைப்பிடியைத் துடைத்துப் பார்த்தால் தாள் கருத்துவிட்டது. பஸ் நிலையத்தில் பாதியைக் காலி செய்துவிட்டார்கள். சார் வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். வெறுந்தாளை ஆய்வகத்திலேயே காலையில் பார்த்தாகிவிட்டது என்றார்கள் பையன்கள். "அங்கன பாத்ததை இங்கன வச்சு என்னம்மா செய்ய?" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, குச்சியை நனைத்த தண்ணீரில் ஒரு சொட்டைப் புதுத் தாளில் விட்டார். அதுவும் கருத்தது. கொண்டுபோன சுத்த நீர் தீர்ந்துபோய், யாரோ போர்வெல் குழாயில் பாட்டிலை நிரப்பியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் இருந்த இரும்புதான் ஒளியை அணைத்திருக்கிறது. பையின் சொந்தக்காரர் டீ குடித்துவிட்டு வந்து, "ஏன் வே, அல்வா வாங்குனது ஒரு குத்தமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அண்ணாச்சி திரும்பி வராமலே பஸ் ஏறிப் போயிருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

இனி அந்தத் தசரா.

குலசேகரன்பட்டினம் தசராவைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் வாசித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, கையில் காப்புக் கட்டி, வேஷம் தரித்து ஊர் ஊராகத் தர்மம் எடுத்து, அந்தக் காணிக்கையைக் கோயிலில் சேர்ப்பார்கள். குறவன், ராஜா, போலீஸ், கிழவி என்று எந்த வேஷமும் இருக்கும். எல்லாவற்றிலும் பெரியது காளி வேஷம். உடம்பெல்லாம் கருநீலச் சாயம், தலையில் கிரீடம், முதுகில் மரக்கைகள், காலில் சலங்கை. விரதம் கடுமையானது. வேஷம் போட்டபின் அவர் ஆண் அல்ல, அம்மன். போலீஸ்காரரும் "தாயே" என்றுதான் கூப்பிடுவார். விரதம் முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை வேஷத்தைப் பாதியில் கலைக்கக்கூடாது.

அந்த வருஷம் ஒரு மிரட்டல் போன் வந்திருந்தது. இப்படிப் போன்கள் வருவது புதிதல்ல. ஆனால் அவ்வளவு ஜனம் கூடுகிற இடத்தில் யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காதர் சார் திருநெல்வேலியில் இருந்தார். கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு கூடாரம் போட்டு, என்னை ஒளிர்தாளோடு உட்கார வைத்தார்கள். போலீஸ்காரர்கள் பைகளையும் கைகளையும் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொண்டுவந்து தருவார்கள். நான் விளக்கடித்துப் பார்ப்பேன். காலையிலிருந்து எல்லாத் தாளும் நீலமாகவே இருந்தன. வெறுந்தாளும் நீலம். வேஷம் போட்டவர்களின் ஒவ்வொரு செட்டும் வந்து இறங்கும்போதும் வெளியே வெடி போட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் என் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது.

மதியத்துக்குப் பிறகு ஒரு தாள் கருத்தது.

ஓரமாகக் கருத்தது என்றால்கூட ஆறுதல் உண்டு. நடுவில், விளக்கை விழுங்கியது மாதிரிக் கருப்பு. கூடார வாசலில் ஒரு காளி நின்றது. குச்சி அந்த வேஷக்காரரின் கையில் எடுத்தது; அவரை ஓரமாகக் கூட்டி வந்திருந்தார்கள். பையில் காணிக்கைச் சில்லறை, குங்குமம், எலுமிச்சம்பழம், வேறொன்றும் இல்லை. பணியில் இருந்த இன்ஸ்பெக்டர் சென்னைப் பக்கத்துக்காரர். அவர் பையின் ஓரத்தில் இருந்து ஒரு அட்டையை எடுத்தார். கல் குவாரியில் கொடுத்த அடையாள அட்டை.

"குவாரி ஆளு. தாளும் கருத்திடுச்சு. பையில இல்லன்னா எங்க வச்சான்? அதான் இப்ப கேள்வி" என்றார் இன்ஸ்பெக்டர்.

காளி பேசியது. குரல் வறண்டிருந்தது. "யம்மா, நான் அங்கன லாரிதான் ஓட்டுதேன். வெடி வைக்கிற ஆளுக வேற. மாலை போட்ட பொறவு நான் அந்தப் பக்கமே போகல. ஒரு தடவ லாரி பள்ளத்துல கவுந்து எனக்கும் கிளீனருக்கும் ஒரு கீறல்கூட இல்ல. அதுக்கு நேந்த நேத்திக்கடன்மா இது." பெயரைக் கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன்.

சாயம்தான் ஒளியை அணைத்திருக்கும் என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனால் படுவது வேறு, எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு. சாயம் என்று நான் விட்டுவிட்டு, அது சாயமாக இல்லாவிட்டால்? கடற்கரையில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிற அத்தனை ஜனமும் என் கண்முன் வந்து நின்றது. வெடிப்பொருள் என்று எழுதினாலோ இவரைக் கொண்டுபோய்விடுவார்கள். கூடாரத்துக்கு வெளியே ஏற்கெனவே நாலைந்து போன்கள் படம் எடுக்க உயர்ந்திருந்தன. குண்டோடு பிடிபட்ட காளி என்று ஒரு படம் போய்விட்டால், பிறகு நூறு பேர் வந்து இல்லை என்று சொன்னாலும் அது திரும்பி வராது. இன்னொரு பயமும் இருந்தது. குவாரி லாரியில் உட்கார்ந்தவர் கையில் உண்மையிலேயே ஒரு துளி ஒட்டியிருந்தால்? ஒரு பாவமும் அறியாமலே அவர் மாட்டிக்கொள்வார்.

காதர் சாருக்குப் போன் போட்டேன். அந்தக் கூட்டத்தில் ஒரு செல்போன் கோபுரமும் வேலை செய்யவில்லை. போன் செத்துக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் அவசரப்பட்டார். "மேடம், ரொம்ப சிம்பிள். கை மூஞ்சியெல்லாம் கழுவச் சொல்லுங்க. சாயம் போயிடும். அப்புறம் டெஸ்ட் பண்ணிக்கலாம்."

காளியின் கண் என்னைப் பார்த்தது. சாயத்துக்கு நடுவே அந்தக் கண் மட்டும்தான் மனிதக் கண். கழுவினால் அவருடைய விரதம் அங்கேயே போயிற்று. ஆனால் நான் சொன்ன காரணம் அது இல்லை. "கழுவினா சாயத்தோட தடயமும் போயிரும் சார். அப்புறம் தாள் நீலமாத்தான் இருக்கும். அதை வச்சு நான் எதையும் சொல்ல முடியாது" என்றேன்.  பயத்தோடுதான் சொன்னேன்.

அப்புறம்தான் காதர் சாரின் கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. வெறுந்தாள் என்ன சொல்லுது? காலையிலிருந்து நீலம்தானே சொல்லுது என்று மனசு பதில் சொன்னது. எந்த வெறுந்தாள்? சாயம் பூசிய இன்னொரு கையில் எடுத்ததா?

வாசலில் நின்ற ஏட்டு சுடலைமுத்துவைக் கூப்பிட்டேன். பக்கத்து ஊர்க்காரர். "ஏட்டையா, காலையில இருந்து எத்தனை காளி கையில குச்சி வச்சிய?"

அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி வைத்தார். "மேடம்... அம்மா கையில எப்படி மேடம்? மத்த வேஷமெல்லாம் எடுத்தோம். காளி வந்தா கும்பிட்டு விட்டுட்டோம். இது இன்ஸ்பெக்டர் ஐயா முன்னுக்க நின்னதால எடுத்தேன். அதுவும் பூட்ஸைக் கழத்திட்டுத்தான் எடுத்தேன்."

குனிந்து பார்த்தேன். மனுஷர் இன்னும் வெறுங்காலோடுதான் நின்றார். இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் சோம்பேறித்தனப்படவும் இல்லை. பக்தியில் செய்த தப்பு. அன்று முழுக்க ஒரு காளியையும் சோதிக்காமல், முதல் காளியைப் பிடித்து நிறுத்தியிருந்தோம்.

அவருடைய செட்டுத் தலைவரும் காளி வேஷம்தான். வயதானவர். வெளியே கோபமாக நின்றவரிடம் சுடலைமுத்து பையப் பைய விஷயத்தைச் சொன்னார். அவர் சலங்கை குலுங்க உள்ளே வந்து கையை நீட்டினார். "எடுத்துக்கிடுங்க. எங்கையிலயும் எடுங்க. எங்க செட்டுப் பிள்ளையை மட்டும் போலீசுன்னு கொண்டுபோயிராதிய." நானும் செருப்பைக் கழற்றினேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கழற்றினேன். அவர் கையைத் துடைத்த குச்சியும் தாளைக் கருக்கியது.

"அப்போ சாயம்தான்! விட்டுடலாமா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கும் வேர்த்திருந்தது.

விட முடியாது. அதுதான் இந்த வேலையின் கொடுமை. எல்லாக் காளிக்கும் தாள் கருக்கிறது என்றால் இவர் நிரபராதி என்று ஆகாது. சாயத்துக்கு முன்னால் தாளுக்குக் கண் தெரியவில்லை என்றுதான் ஆகும். சாயத்துக்குப் பின்னால் வேறெதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பெட்டியிலிருந்து வெள்ளைப் பூச்சுத் தகடு ஒன்றை எடுத்தேன். அடியில் பென்சிலால் கோடு போட்டு மூன்று பொட்டு வைத்தேன். முதல் பொட்டு இவருடைய கைத் துடைப்பு. இரண்டாவது பெரியவருடையது. மூன்றாவதும் பெரியவருடையதுதான், ஆனால் அதன்மேல் நாங்கள் ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் வெடிப்பொருள் கரைசலில் மிகச் சிறிய ஒரு துளியை நானே சேர்த்தேன். தகட்டைக் கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் கரைப்பானில் நிறுத்தி மூடினேன். கரைப்பான் தானாகத் தகட்டில் ஏறும். ஏறும்போது சாயத்தை ஒரு உயரத்தில் விட்டுவிடும், வெடிப்பொருளை வேறு உயரத்துக்கு இழுத்துப் போகும். பிறகு தகட்டின்மேல் ஒளிர்தாளை அழுத்தினால் எது எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். மூன்றாவது பொட்டில் இரண்டு கருப்பு தெரிய வேண்டும். தெரிந்தால், சாயத்தைத் தாண்டியும் இந்த வழிக்குக் கண் இருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகுதான் முதல் பொட்டை நான் நம்பலாம்.

கரைப்பான் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. அவசரப்படுத்த முடியாது, உதவி செய்ய முடியாது. கடல் காற்று கூடாரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஜாடிக்குள் மண் போய்விடுமோ என்று இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டேன். மரக்கைகள் இடிப்பதால் காளியால் உட்காரவும் முடியவில்லை. அப்படியே நின்றது. குச்சி எடுத்தாயிற்று என்பதால் சுடலைமுத்து இளநீர் வாங்கி வந்து கொடுத்தார். காளி குடிக்கவில்லை. வெளியே செட்டுக்காரர்கள் "அம்மனை உள்ள வச்சுட்டாங்க லே" என்று பேசும் சத்தம் கூடிக்கொண்டே போனது. நான் கண்ணை மூடி ஆண்டவரைக் கூப்பிட்டேன். முன்னால் காளி நிற்க, நான் இயேசுவே என்று முணுமுணுத்ததை ஏட்டு கேட்டிருப்பார். 

தகட்டை எடுத்து உலரவிட்டேன். ஒளிர்தாளை அழுத்தினேன். ஏட்டு கூடாரத் துணியை இழுத்துவிட்டு இருட்டாக்கினார். விளக்கை அடித்தேன்.

முதலில் மூன்றாவது பொட்டைப் பார்த்தேன். இரண்டு கருப்பு. கீழே சாயம், மேலே நான் சேர்த்த துளி. அப்புறம்தான் தைரியம் வந்து முதல் பொட்டைப் பார்த்தேன். கீழே சாயம். மேலே நீலம். வெறும் நீலம். மறுபடியும் பார்த்தேன். இன்ஸ்பெக்டரையும் பார்க்கச் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

வெடிப்பொருள் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, அவர் வழக்கத்துக்கு மாறாக, "மன்னிச்சிடும்மா" என்றார். காளி போகவில்லை. என் மேசைப் பக்கம் வந்தது.

"யம்மா, எம் பேரை எழுதியிருக்கியளா?"

"எழுதியிருக்கேன். ஒண்ணும் இல்லைன்னுதான் எழுதியிருக்கேன்."

"அழிக்க முடியாதா?"

"முடியாதுய்யா. அது அரசாங்கக் காகிதம்."

"இல்லைன்னு எழுதுனாலும், வெடிகுண்டுங்கிற சொல்லுக்குப் பக்கத்துல எம் பேரு கெடக்குமே யம்மா. நாளைக்கு எவனாவது எடுத்துப் பாத்தா முழுசாவா வாசிப்பான்?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.  அவர் சலங்கைச் சத்தத்தோடு வெளியே போனார். அவர் கூட்டத்தில் கலந்த அந்த நிமிஷம் பார்த்து யாரோ வெடி போட்டார்கள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பட்டாசுதான். செட்டுக்காரர்கள் சந்தோஷத்தில் போட்டது.

மறுநாள் காதர் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவார் என்று ஒரு நப்பாசை. கண்ணாடியைத் துடைத்தார். "மூணாவது பொட்டுல நீ விட்ட துளியை விடச் சின்னதா ஒண்ணு அவன் கையில இருந்திருந்தா, தகடு காட்டியிருக்குமாம்மா?"

"காட்டியிருக்காது சார்."

"ராத்திரி தூங்குனியா?"

"இல்லை சார்."

"சரி. இந்தப் பிரிவுல நீயே இரு" என்றார். அவர் கொடுத்த ஒரே சான்றிதழ் அதுதான்.

ரெஜினா, புதுப் பெட்டி நல்ல பெட்டியாகத்தான் இருக்கும். கொண்டுவந்து கொடுத்தவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பார். அது இதுவரை எத்தனை காளியைப் பார்த்திருக்கிறது? சிரிக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். சிவப்பு எரிந்தால் அங்கே நிற்கப்போவது ஒரு ஆள்.

தசரா சமயத்தில் எங்கள் தெருவுக்கும் காளிகள் வரும். கிறிஸ்தவ வீடு என்று தெரிந்தாலும் வாசலில் ஒரு நிமிஷம் நிற்கும். நான் போய்ச் சில்லறை போடுவேன். அன்று கூடாரத்தில் இருந்தவரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை, சாயத்தைத்தான் பார்த்தேன். அதனால் வருகிற ஒவ்வொரு காளியிடமும் இவர்தானோ என்று கண்ணைப் பார்ப்பேன். பெயர் மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு தடவை நாக்கு நுனிவரை வந்தது. கூப்பிடவில்லை.

இதை வாசிக்கிற பிள்ளைகள் யாராவது அவர் யார் என்று கேட்கலாம். வெடிகுண்டு என்ற சொல் வருகிற இன்னொரு காகிதத்தில் அவர் பெயரை நான் எழுத மாட்டேன்.